வேலை இழந்தவர் எத்தனை காலம் காத்திருப்பார்?

வேலை போய்விட்டது என்ற செய்தி ஒரு வீட்டிற்குள் நுழைந்தவுடன் எழும் கேள்விகள் பல. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை எவ்வாறு கட்டுவது? வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? வாங்கிய கடனின் மாதத் தவணை என்ன ஆகும்? ஆயினும் இவை அனைத்திற்கும் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றே. அடுத்த வேலை கிடைக்க எத்தனை காலம் ஆகும்? மூன்று மாதம் என்று தெரிந்தால் குடும்பம் ஒரு வகையாக ஏற்பாடு செய்துகொள்ளும்; ஓராண்டு என்று தெரிந்தால் வேறு வகையாக ஏற்பாடு செய்துகொள்ளும். இரண்டும் தெரியாத நிலையே வீட்டிலுள்ளோரின் உறக்கத்தைக் கெடுக்கிறது.

இம்மாதம் அக்கேள்வியையே எடுத்துக்கொள்வோம். படிப்பை முடித்து முதல் வேலைக்குக் காத்திருக்கும் இளைஞரைப் பற்றி அன்று. பல ஆண்டுகள் உழைத்து, மாதச் சம்பளத்தால் குடும்பத்தைத் தாங்கி வந்து, திடீரென வேலையை இழந்தவரைப் பற்றியே இங்கு எண்ணுகிறோம். தொழிற்சாலை மூடப்பட்டிருக்கலாம், ஆட்குறைப்பு நடந்திருக்கலாம், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போயிருக்கலாம். காரணம் எதுவாயினும் வீட்டில் புகும் கலக்கம் ஒன்றுதான்.

எத்தனை காலம் என்று கேட்டால், சராசரியாக இத்தனை மாதம் என்று எவரேனும் விடை கூறக்கூடும். அந்தச் சராசரியைச் சற்று எச்சரிக்கையுடன் நோக்க வேண்டும். ஒரு கணக்குக்காக, ஒரே நாளில் வேலை இழந்த பத்துப் பேரை மனத்தில் கொள்வோம். அவருள் ஐவருக்கு 2 மாதங்களில் வேலை கிடைக்கிறது. மூவருக்கு 6 மாதங்கள் ஆகின்றன. எஞ்சிய இருவர் 16 மாதங்கள் அலைகின்றனர். எல்லாவற்றையும் கூட்டினால் 60 மாதங்கள். பத்தால் வகுத்தால் சராசரி 6 மாதங்கள். ஆனால் பாதிப் பேர் அதற்கு நெடுநாள் முன்னரே வேலையில் சேர்ந்துவிட்டனர். இருவருக்கோ அதனினும் இரு மடங்குக்கு மேல் ஆயிற்று.

இது வெறும் தாள் கணக்கு அன்று. இத்தகைய கணக்கெடுப்பு மாதந்தோறும் நடைபெறும் அமெரிக்காவில், 2024 இல் வேலை தேடிக்கொண்டிருந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் தேடத் தொடங்கிப் பத்து வாரங்களுக்கு உட்பட்டே ஆகியிருந்தது. சராசரியோ 20 வாரங்களுக்கு மேல் இருந்தது. நெடுங்காலம் வேலையின்றி இருப்போர் சிலரின் மாதங்கள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. 27 வாரங்களோ அதற்கு மேலோ தேடுவோரை நெடுங்கால வேலையற்றோர் என்று அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை தனியே எண்ணி வருகிறது.

இதனின்று இரண்டு பாடங்களை நம் குடும்பங்கள் பெறலாம். அடுத்த வீட்டுக்காரருக்கு இரண்டே மாதத்தில் வேலை கிடைத்தது என்பதை அளவுகோலாக வைத்து நம் வீட்டாரை அளக்கலாகாது என்பது ஒன்று. விரைவில் கிடைக்கும் என்று நம்பலாம். ஆனால் செலவை மட்டும் நீண்ட காலத்துக்கே திட்டமிட வேண்டும் என்பது மற்றொன்று. குறைந்தது ஆறு மாதங்களுக்கு என்று கணக்கிட்டுத் தொடங்கும் குடும்பம், மூன்றாம் மாதத்தில் வேலை கிடைத்தால் மகிழும். மூன்று மாதங்களுக்கு மட்டும் கணக்கிட்ட குடும்பம் நான்காம் மாதத்தில் வட்டிக்காரரின் வாசலில் நிற்கும்.

பழைய இடமே மீண்டும் அழைக்கும் என்று காத்திருப்போரும் உண்டு. நம் மாநிலத்தில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூரில் 2006 இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பர் 1 ஆம் நாள் மூடப்பட்டது. ஆண்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர் அவ்வாண்டில் வேலை இழந்தனர். அந்த வளாகத்தில் மீண்டும் பொறிகளின் ஒலி கேட்டது 2020 இல்; அதுவும் சால்காம்ப் என்னும் வேறொரு நிறுவனத்தின் பெயரில், வேறொரு பொருளைச் செய்வதற்காக. மறைமலைநகரில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலையின் உற்பத்தி 2022 ஜூலையில் நின்றது. அந்த ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தும் எண்ணத்தை அந்நிறுவனம் வெளியிட்டது 2024 செப்டம்பரில்தான். கட்டடங்கள் ஐந்து ஆண்டுகள் காத்திருக்கலாம். வயிறுகள் காத்திருக்க முடியா. பழைய வாசல் திறக்குமா என்று பார்த்துக்கொண்டே பிற வாசல்களைத் தட்டாதிருப்பது, காத்திருக்கும் காலத்தை நாமே நீட்டிக்கொள்வதாகும்.

காலம் நீள நீள, நீண்டுவிட்டது என்பதே ஒரு தடையாகிவிடுகிறது. பொருளியல் அறிஞர் மூவர் நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டிற்று. அமெரிக்காவின் 100 நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு அவர்கள் கற்பனையான விண்ணப்பங்களை அனுப்பினர். எத்தனை மாதங்களாக வேலையில்லை என்பதை விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் மாற்றி அனுப்பியதில், மாதங்கள் ஏற ஏற நேர்காணலுக்கு வந்த அழைப்புகள் குறைந்தன. அந்தக் குறைவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே நிகழ்ந்துவிட்டது. இத்தனை நாள் எவரும் எடுத்துக்கொள்ளவில்லையே, இவரிடம் ஏதோ குறை இருக்கும் என்று வேலை கொடுப்போர் எண்ணிவிடுகின்றனர் போலும்.

அவ்வாய்வு கூறிய இன்னொரு செய்தியும் உண்டு. வேலையின்மை மிகுந்திருந்த ஊர்களில் இந்தக் குறைவு அவ்வளவாகக் காணப்படவில்லை. பலர் வேலையின்றி இருக்கும் இடத்தில் ஒருவர் வேலையின்றி இருப்பதை அவருடைய தனிப்பட்ட குறையாக எவரும் கொள்வதில்லை. ஆகவே ஆலை மூடப்பட்டதால் வேலை இழந்தவர் அதனை விண்ணப்பத்திலேயே வெளிப்படையாக எழுதுவது நன்று. முதல் சில மாதங்களை ஓய்வென்று கழித்துவிடாமல், சிறு பயிற்சியோ இடைக்கால வேலையோ ஏதேனும் ஒன்றைக் கையில் வைத்திருப்பதும் நன்று.

இனி, வேலை தேடுபவரின் ஒரு நாளை நோக்குவோம். ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகருக்கு அருகே மரியன்தால் என்ற சிற்றூர் உண்டு. அவ்வூர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, 1930 ஆம் ஆண்டுக்குள் அந்த ஆலை மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ஸைசல் ஆகியோரும் அவர்தம் துணைவரும் அவ்வூருக்குச் சென்று, மக்களின் வாழ்வை அருகிருந்து பார்த்து, 1933 இல் ஒரு நூலாக வெளியிட்டனர். வேலை இழந்தோர் கிளர்ந்தெழுவர் என்று பலர் எதிர்பார்த்த காலம் அது. ஆய்வாளர் கண்டதோ சோர்வு.

ஆண்களுக்கு நேரம் ஏராளமாகக் கிடைத்தது. ஆயினும் ஊர் நூலகத்தில் எடுக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை கூடவில்லை, பெருமளவு குறைந்தது. தெருவில் அவர்கள் நடக்கும் வேகம் தளர்ந்தது. நடக்கும்போதே அடிக்கடி நின்றனர். கைக்கடிகாரம் கட்டுவதைப் பலர் விட்டுவிட்டனர். ஒரு நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், எழுந்தது, உண்டது, உறங்கியது என்பவற்றுக்கு மேல் பலரால் கூற இயலவில்லை. பெண்களின் நிலை வேறு. ஊதியம் நின்றதேயன்றி வீட்டு வேலை நிற்கவில்லை. சிறு தொகையைக் கொண்டு குடும்பத்தை நடத்தும் பாரம் அவர்கள் மேல் ஏறிற்று.

அவ்வூர்ப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு செய்தி நம் நெஞ்சைத் தொடுகிறது. கிறிஸ்துமஸ் பரிசாக என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னபோது, அவர்கள் விரும்பிய பொருள்களின் விலை, சுற்றுப்புற ஊர்ப் பிள்ளைகள் விரும்பியவற்றின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. அதையும் அவர்கள் தயங்கித் தயங்கியே எழுதியிருந்தனர். எவரும் சொல்லித் தராமலே பிள்ளைகள் தம் ஆசைகளைச் சுருக்கிக்கொண்டனர். வீட்டின் துன்பத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிட்டோம் என்று பெற்றோர் நினைக்கலாம். பிள்ளைகளுக்கு அது தெரிந்தே இருக்கிறது.

மறைப்பது என்றோம். காத்திருக்கும் காலத்தை நீட்டுவனவற்றுள் முதன்மையானது இதுவே என்பது நம் கருத்து. வேலை போனதை மனைவியிடமும் கூறாமல், காலையில் சோற்றுப் பாத்திரத்துடன் புறப்பட்டு, மாலை வரை பூங்காவிலும் நூலகத்திலும் பொழுதைக் கழித்துவிட்டு வீடு திரும்பும் ஆண்கள் நம் நகரங்களில் இல்லாமல் இல்லை. மனைவிக்குத் தெரிந்த வீடுகளிலும் உறவினருக்குத் தெரியக் கூடாது. உறவினருக்குத் தெரிந்தாலும் பங்கு மக்களுக்குத் தெரியக் கூடாது. திருமணத்திற்குச் சென்றால், எங்கே வேலை செய்கிறீர்கள் என்று எவரேனும் கேட்டுவிடுவரோ என்ற அச்சத்தால் திருமணத்துக்கே செல்வதில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எவரோடும் பேசாமல் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியேறிவிடுகின்றனர். மகளுக்கு வரன் தேடும் காலமாயின் இந்த அச்சம் இரு மடங்காகிறது. தந்தைக்கு வேலையில்லை என்று தெரிந்தால் வரன் கைவிட்டுப் போகும் என்ற கவலை பொருளற்றது என்று நாம் கூறமாட்டோம்.

ஆனால் அந்த மறைப்பிற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டன் என்னும் ஊரில் அண்மையில் வேலை மாறியிருந்த 282 ஆண்களை ஆராய்ந்து 1974 இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருள் பாதிக்கு மேற்பட்டோர், 100 க்கு 56 பேர், தமக்குத் தெரிந்த ஒருவர் வாயிலாகவே வேலையைப் பற்றி அறிந்திருந்தனர். விளம்பரங்களாலும் நேரடி விண்ணப்பங்களாலும் வேலை பெற்றோர் அதனினும் குறைவு. அவ்வாறு செய்தி சொன்னவர் யார்? உயிர் நண்பரும் உடன்பிறந்தாருமா? இல்லை. அவர் நேரில் பேசிப் பார்த்தவர்களுள், செய்தி தந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தோர் 100 க்கு 17 பேர் அளவே. ஏனையோர் எப்போதாவது சந்திக்கும் ஒருவர் மூலமே செய்தி பெற்றிருந்தனர்: முன்பு உடன் வேலை செய்தவர், பழைய கல்லூரித் தோழர், வழியில் கண்டால் நலம் விசாரிக்கும் ஒருவர்.

காரணத்தை அறிவது கடினம் அன்று. நம் நெருங்கிய நண்பர்கள் நாம் பழகும் வட்டத்திலேயே பழகுகின்றனர். நமக்குத் தெரிந்ததே அவர்களுக்கும் தெரியும். தொலைவில் உள்ளவர் வேறு அலுவலகங்களில், வேறு தொழிற்பேட்டைகளில், வேறு ஊர்களில் நடமாடுகிறார். நம் காதுக்கு எட்டாத செய்தி அவர் காதுக்கு எட்டுகிறது. லிங்க்ட்இன் என்னும் இணையத் தளத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வும், மிக நெருங்கியவரைக் காட்டிலும் ஓரளவு விலகி நிற்பவரே புதிய வேலைக்கு மிகுதியாகத் துணை செய்கின்றனர் என்று கண்டது.

இப்பொழுது நம் பக்கவாட்டு வாசலை எண்ணிப் பார்ப்போம். வேலை இழந்தவர் எவரைக் கண்டு ஒதுங்குகிறாரோ, அவரே செய்தி கொண்டுவரக் கூடியவர். வாரம் ஒரு முறை கோவிலில் காணும் முகம், ஆண்டுக்கு ஒரு முறை பங்குத் திருவிழாவில் சந்திக்கும் உறவு, பிள்ளையின் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது இரண்டு சொல் பேசும் மற்றொரு பெற்றோர் ஆகிய இவர்களுள் எவருக்கு எந்த வேலை பற்றித் தெரியும் என்பதை நாம் முன்கூட்டி அறிய முடியாது. அறிய முடியாததாலேயே பலரிடமும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

சொல்லும் முறையும் ஒன்று உண்டு. எனக்கு ஏதாவது வேலை பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டால், கேட்டவருக்கும் தாழ்வாகத் தோன்றும். கேட்கப்பட்டவருக்கும் சுமையாகத் தோன்றும். நான் பன்னிரண்டு ஆண்டுகள் கிடங்குக் கணக்குப் பார்த்தேன், சென்ற மாதம் எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள், கிடங்கு வைத்திருக்கும் நிறுவனங்களில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஒரு சொல் சொல்லுங்கள் என்று கூறினால் போதும். என்ன தெரியும், என்ன நேர்ந்தது, என்ன வேண்டும் என்ற மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. எவரும் வேலை தருவதாக வாக்களிக்க வேண்டியதில்லை. காதில் விழுந்ததைச் சொன்னால் போதும்.

வீட்டிற்குள்ளும் இந்த வெளிப்படை வேண்டும். முதல் வாரத்திலேயே கணவனும் மனைவியும், விவரம் தெரிந்த பிள்ளைகளும் சேர்ந்து அமர்ந்து, கையிருப்பு எவ்வளவு, மாதத்துக்குக் குறையாத செலவு எவ்வளவு, எதை நிறுத்தலாம் என்று தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர் தமக்குச் சேர வேண்டிய பணிக்கொடையைக் கேட்டுப் பெற வேண்டும். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளர்க்கென 2018 இல் தொடங்கி, 2020 இல் சராசரி ஊதியத்தில் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்ட உதவித்தொகைத் திட்டம் ஒன்று உண்டு. வாழ்நாளில் ஒரு முறை, 90 நாட்களுக்கு மேற்படாமல் தருவதாக அது வகுக்கப்பட்டது; அவ்வப்போது ஆணையால் நீட்டிக்கப்பட்டு வருவது. தகுதியுடையோர் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். இத்தகைய உதவி பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. வருங்கால வைப்பு நிதியை முழுவதும் எடுத்துவிடும் ஆசை எழும். அது முதுமைக்கு உரிய பணம் என்பதை நினைவிற்கொண்டு, கடைசியில் தொடுவதே அறிவுடைமை. கந்து வட்டியை எந்த மாதத்திலும் நாடலாகாது.

அக்கூட்டத்திலேயே இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ளலாம். மூன்று மாதங்கள் வரை பழைய சம்பளத்துக்கு நிகரான வேலையைத் தேடுவது. அதன்பின் சற்றுக் குறைந்ததையும் ஏற்பது. ஆறாம் மாதத்தில் வேறு தொழிலோ வேறு ஊரோ ஆயினும் ஏற்பது என்று நாள் குறித்து வைத்தால், ஒவ்வொரு வேலைக்கும் வீட்டில் புதிதாக வழக்காட வேண்டியதில்லை. குறைந்த சம்பளத்தில் சேர்ந்தால் மதிப்புப் போய்விடும் என்று உறவினர் கூறுவர். மதிப்பைப் பற்றிப் பேசும் உறவினர் மாத வாடகையைக் கட்டுவதில்லை. வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுவதும் எளிதன்றோ?

வேலை இழந்தவரின் நாளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதை மரியன்தால் நமக்குக் கற்பிக்கிறது. வழக்கமான வேளையில் எழுதல், முற்பகலில் விண்ணப்பம் எழுதுதலும் ஆட்களைக் காணுதலும், பிற்பகலில் வீட்டுப் பணியிலோ கற்றலிலோ ஈடுபடுதல் என்று பகுத்துக்கொள்ளட்டும். மனைவி வெளியே வேலைக்குச் செல்பவராயின் சமையலையும் பிள்ளைகளையும் கணவர் ஏற்பதில் இழிவு ஏதுமில்லை. வேலை இழந்தவர் மனைவியாயின், அவர் வீட்டில்தானே இருக்கிறார் என்று எல்லாப் பணியையும் அவர் தலையில் சுமத்திவிட்டு, அவர் வேலை தேடுவதற்கு நேரமே இல்லாமல் செய்துவிடலாகாது.

இதுவரை வேலை இழந்தோரைப் பற்றிப் பேசினோம். வேலையில் இருப்போரிடமும் ஒரு சொல். இன்னும் கிடைக்கவில்லையா என்று காணும்போதெல்லாம் கேட்பது அன்பன்று. அக்கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. இருந்தால் அவரே கூறியிருப்பார். அதற்கு மாறாக, உங்களுக்கு எந்த வேலை நன்றாகத் தெரியும், எங்கள் பக்கம் கேட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு முறை கேட்பது பெரிய உதவி. கேட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் அதையும் வந்து சொல்வது அதனினும் பெரிய உதவி. அன்பியக் கூட்டங்களில் நோயுற்றோரை நினைவுகூர்வது போல, வேலை தேடுவோர் விரும்பினால் அவர்தம் திறமைகளையும் எடுத்துரைக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி கொடுக்கும் வீட்டில், இவருக்கு என்ன தொழில் தெரியும் என்று ஒரு குறிப்பும் எழுதிவரலாம். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றி 1981 இல் எழுதிய சுற்றுமடலில், வேலையற்றோரையும் அவர்தம் குடும்பங்களையும் தாங்குவது சமுதாயத்தின் கடமை என்று வலியுறுத்தினார். அக்கடமையின் நம் பங்கு இவ்வளவு எளியதாகவும் இருக்கக்கூடும்.

திராட்சைத் தோட்ட உவமையை நாம் அனைவரும் பலமுறை கேட்டிருக்கிறோம். கடைசியாக வந்தவரும் முழுக் கூலி பெற்றதைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். பொழுது சாயும் வேளை வரையிலும் அவர்கள் சந்தை வெளியில் நின்றுகொண்டிருந்ததை எண்ணிப் பார்க்கிறோமா? அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை எவரும் அழைக்கவில்லை. அவர்கள் மறைந்து நிற்காமல் எல்லாரும் காணும் இடத்தில் நின்றனர். தோட்டக்காரரும் ஒரு முறை சென்று பார்த்ததோடு நின்றுவிடாமல், அந்நாளில் மீண்டும் மீண்டும் வெளியே சென்று பார்த்தார்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், வேலை தேடிக்கொண்டிருப்பவர் முன்வாசல் வழியாகவே வரட்டும். நாமும் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடாமல், ஐந்து நிமிடம் நின்று பேசுவோம்.